இரட்டைக்கொம்பு ஒன்றாகும் இடம்

ஏப்ரல் 15, புதன்

சாயங்காலம் பூபதி வந்தான். தம்பி ஆன்றோவின் கம்பெனியில் வேலை பார்க்கிறவன், காங்கேயம் பக்கத்துப் பையன். வெள்ளிக்கிழமை வந்தால் இரண்டு பேரும் இந்த ஓமான் தேசத்து மொட்டை மலைகளில் ஒன்றைக்கூட விடுவதில்லை. வந்தவன் என் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தான்.

"ஏனுங்க்கா, உள்ள அம்மிக்கல்லா வெச்சிருக்கீங்க?"

அம்மிக்கல் இல்லை. எனக்கு வேண்டிய தண்ணீர். அது போக ஆன்றோவுக்கென்று தனியாக நீல மூடி போட்ட இரண்டு லிட்டர் பாட்டில், ஓஆர்எஸ் பொட்டலங்கள், கால் ஒடிந்திருந்தால் கட்டுவதற்குச் சிம்பு, ஒரு சட்டை, ஒரு கைலி. பூபதி அந்த நீல மூடியையே பார்த்துக்கொண்டு நின்றான். ஏதோ சொல்ல வாயெடுத்தான், சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அறைந்திருப்பேன்.

மலையில் ஆடு மேய்க்கிறவர்கள் இருக்கிறார்கள். எங்கோ ஒரு குடிசையில், கால் முறிந்து, அவர்கள் பாஷை தெரியாமல், ஆட்டுப்பால் குடித்துக்கொண்டு படுத்திருப்பான் என் தம்பி. சவத்துப்பயல், அக்காவுக்கு ஒரு தகவல் சொல்ல வேண்டும் என்ற புத்தி எப்போது இருந்தது அவனுக்கு?

போலீஸ் ஹெலிகாப்டர் ஒரு வாரம் சுற்றியது, அதில் பாதி நாள் தூசிக்காற்று. பிறகு நிறுத்திவிட்டார்கள். அவர்கள் மேல் குறை சொல்ல முடியாது. அவர்களுக்குத் தெரிந்த வழியில் தேடினார்கள்.

அப்பா போன் செய்தார். ஆன்றோ காணாமல் போனதிலிருந்து கடலுக்குப் போகவில்லை. கஞ்சியைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிடுகிறாராம்.

"மக்ளே, கணியம் ஓர்மை உண்டுமா?"

"உண்டுப்பா."

"சொல்லு."

சொன்னேன். ஆன்றோ எனக்குச் சொல்லியிருந்த இடக்குறி அது. மறுபடி சொல்லச் சொன்னார். மறுபடியும் சொன்னேன்.

ஏப்ரல் 16, வியாழன்

உட்கார்ந்துதான் எழுதுகிறேன், ஆனாலும் கால் ஆடுகிறது.

இந்த மலைத்தொடருக்கு ஐந்து தலை. மேற்கேயிருந்து கிழக்கே ஒன்றையடுத்து ஒன்று. அரபியில் என்ன பெயரோ தெரியாது, ஆன்றோ வைத்த பெயர்கள் மூக்கன், தொப்பி, கழுதைமுதுகு, இரட்டைக்கொம்பு, பெரியவன். ஐந்தையும் ஒரே மூச்சில் இறங்காமல் இணைத்து நடக்க வேண்டும் என்பது அவன் ஆசை. பாதை கிடையாது. பாதை இருந்தால் ஆன்றோ ஏன் போகப் போகிறான்?

வழியில் எங்கே விழுந்து கிடந்தாலும் கண்ணில் பட வேண்டும் என்று, அவன் போன வழியிலேயே போகிறோம். விடிந்ததும் பேசி வைத்திருந்த டிரைவர் எங்களை மூக்கனின் காலடியில் இறக்கிவிட்டார். ஞாயிறு மதியத்துக்குள் மறுபக்கத்து ஊரில் நாங்கள் இறங்காவிட்டால் போலீஸுக்குச் சொல்ல வேண்டும் என்று பூபதி அவரிடம் சொல்லி வைத்திருக்கிறான். அந்த ஊருக்கு மேல் போனால் போனில் ஒரு கோடுகூட இல்லை.

ஏறுவது என்றால் படியேறுவது மாதிரி இல்லை. ஓடு ஓடாகப் பெயர்ந்து கிடக்கிற கல். ஒரு காலை வைத்தால் அது வழுக்கி, மற்ற காலையும் கூட்டிக்கொண்டு போகிறது. பிடித்து ஏறலாம் என்று பாறையைப் பிடித்தால் அரிவாள்மணை. உள்ளங்கை இரண்டும் கிழிந்துவிட்டது. மரம் என்று பார்த்தது ஒரு முள்மரம், அதுவும் இலையைக் கணக்குப் பார்த்துத்தான் விட்டிருந்தது. கடலோரத்தில் பிறந்தவளுக்கு இது தேவையா என்று ஐம்பது தடவை கேட்டுக்கொண்டேன்.

நடக்கும்போது பூபதி திரும்பத் திரும்ப ஒரே விஷயத்தைத்தான் பேசினான். அன்றைக்கு அவனும் கூடப் போயிருக்க வேண்டியது. திடீரென்று கம்பெனியில் வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். அடுத்த வாரம் போகலாம் என்று சொன்னானாம். "நீ வா, வராட்டி போ" என்று ஆன்றோ கிளம்பிவிட்டானாம்.

"நான் கட்டிப் புடிச்சு நிறுத்தியிருக்கோணும்ங்க்கா."

"அவன் அம்மை செத்தன்னைக்கே சொன்ன இடத்துல நின்னவன் இல்ல. நீ சும்மா நட."

இது முழு உண்மை இல்லை. மற்றவர்கள் சொன்னால் கேட்கமாட்டான். அப்பா சொன்னால் கேட்பான். அப்பா கிழித்த கோட்டை அவன் தாண்டி நான் பார்த்ததில்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் தொப்பியின் உச்சியை அடைந்தோம். அங்கே தட்டைக் கற்களை அடுக்கி ஒரு சின்ன வள்ளம் செய்து வைத்திருந்தது. முன்பக்க அணியம் உயர்ந்து, நடுவில் குழி விட்டு, எங்கள் ஊர் வள்ளமேதான். இந்த நாட்டில் வேறு யாரும் இதைச் செய்திருக்க முடியாது.

அழுதேன். சந்தோஷத்தில்தான். "பாத்தியா, நல்லா இருந்திருக்கான், விளையாடிக்கிட்டுல்லா போயிருக்கான்" என்று பூபதியின் தோளைப் போட்டு உலுக்கினேன். அவனும் சிரித்தான்.

ஏப்ரல் 17, வெள்ளி

கணியத்தைப் பற்றி எழுதி வைக்கிறேன். மனசு அதையேதான் ஓட்டிக்கொண்டிருக்கிறது.

கடலுக்கு அடியில் மீன் மேய்கிற பாறைத்திட்டு இருக்கும். பாரு என்போம். மேலே இருந்து பார்த்தால் தண்ணீர்தான் தெரியும். கரையில் ஒரு மலையும் அதற்கு முன்னால் ஒரு கோயில் கோபுரமும் ஒன்றின் மேல் ஒன்றாக வருகிற மாதிரி வள்ளத்தை ஓட்ட வேண்டும். அது ஒரு கோடு. இன்னொரு பக்கம் அதே மாதிரி இரண்டு குறி. இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் பாரு. அங்கே தூண்டில் போட்டால் மீன். இதுதான் கணியம். அப்பாவுக்குக் கண்ணை மூடினாலும் நாற்பது பாரு தெரியும்.

மலை நடைக்கு இரண்டு வாரம் முன்பு ஆன்றோ போனில் குதித்தான். "எக்கா, மலையில வெள்ளத்துக்குக் கணியம் போட்டிருக்கேன்!" குடிக்கிற தண்ணீரைத்தான் நாங்கள் வெள்ளம் என்போம். மூன்றாம் தலைக்கும் நான்காம் தலைக்கும் நடுவில் ஒரு பெரிய மேட்டுவெளி. அதில் நான்கு கேன் தண்ணீரைக் கொண்டுபோய் ஒளித்துவிட்டு வந்திருந்தான். பூபதியைக் கீழே ஊரிலேயே உட்கார்த்திவிட்டு, இடத்தைக் காட்டவில்லை. போனில் குறித்து வைக்கலாமே என்று பூபதி சொன்னதற்கு, "பேட்டரி சாகும்ல, மலை சாகுமா? அன்னைக்கு உன்னக் கூட்டிக்கிட்டுப் போயி நேரா கேன் மேல நிறுத்துறேன் பாரு" என்று பந்தயம் கட்டியிருக்கிறான்.

கணியம் இது: இரட்டைக்கொம்பின் இரண்டு கொம்பும் ஒன்றுக்குள் ஒன்று மறைந்து ஒரே கொம்பாக வேண்டும். வடக்கே, கீழே ஊர்ப் பள்ளிவாசலின் வெள்ளை மினார், கறுப்புக் குன்றின் இடது ஓரத்தைத் தொட வேண்டும்.

போலீஸிடமும் இதைச் சொன்னேன். அந்த அதிகாரி மரியாதையாகத்தான் வரைபடத்தை விரித்தார். எந்த இடத்தில் நின்றால் கொம்பு ஒன்றாகும் என்று கேட்டார். அங்கே நின்றால்தானே தெரியும்? ஹெலிகாப்டரில் நின்றால் எப்படித் தெரியும்?

இன்றைக்கு நடந்ததைச் சுருக்கமாக எழுதிவிடுகிறேன். கழுதைமுதுகில் ஒரு செங்குத்துச் சுவரைப் பிடித்து இறங்கும்போது பூபதி கைவிட்டுச் சரிந்தான். முட்டி பிளந்துவிட்டது. கட்டுப் போட்டேன். அவன் தண்ணீர் முழுவதும் பையோடு உருண்டு பள்ளத்தில் போய்விட்டது. என்னிடம் இருந்ததைப் பங்கு போட்டோம்.

மேட்டுவெளிக்கு வந்து சேர்ந்தபோது இரட்டைக்கொம்பு கண்ணெதிரே இருந்தது. கொம்புகளுக்கு நடுவே அகலமாய் வானம் தெரிந்தது. தெற்கே நடக்க நடக்க இடைவெளி குறைந்துகொண்டு வந்தது. அப்பாவின் வள்ளத்தில் உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது எனக்கு. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று பூபதியை இழுத்துக்கொண்டு போனேன்.

அப்போது வடக்கே மினாரைக் காணோம். பிறகு குன்றைக் காணோம். பிறகு ஒரு கொம்பு, பிறகு இன்னொன்று. எல்லாவற்றையும் தூசி விழுங்கிவிட்டது. என் நீட்டிய கை வரைக்கும்தான் உலகம்.

ஏப்ரல் 18, சனி

தெளியவில்லை.

பூபதி இறங்கிவிடலாம் என்கிறான். மேட்டுவெளியிலிருந்து ஊருக்கு இறங்கும் ஓடை ஒன்றுதான். பக்கத்தில் அதே மாதிரி ஐந்தாறு ஓடைகள் இருக்கின்றன, எல்லாம் பாதியில் செங்குத்தாக முடிகிறவை. அவன் கைக்கடிகாரத்தில் வழி பதிவாகியிருந்தது, நேற்று விழுந்ததில் அது சில்லு சில்லாகிவிட்டது. இந்தப் புழுதியில் எது எந்த ஓடை என்று யார் கண்டது? அவனுக்கு முட்டியும் மடங்கவில்லை.

நான் முடியாது என்றேன். எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. பனியோ மழையோ குறியை மறைத்தால் அலையக் கூடாது. அலைந்தவன்தான் செத்தவன். நங்கூரத்தைப் போட்டுவிட்டு இருந்த இடத்தில் இருக்க வேண்டும், தெளிந்தே தீரும். ஒரு தடவை பனியில் இரண்டு நாள் அப்படியே கிடந்து அப்பா திரும்பியிருக்கிறார். பக்கத்து வள்ளம் கரையைத் தேடிப் போனது, இன்னும் தேடுகிறது. ஆன்றோ எட்டு வயதில் வள்ளம் ஏறிய முதல் நாளே அப்பா இதைச் சொல்லித்தான் ஏற்றினார். அவன் தூக்கத்தில்கூட ஒப்பிப்பான்.

பூபதி எல்லாவற்றையும் கேட்டான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

"ஏனுங்க்கா, வள்ளத்துல குடிக்கத் தண்ணி இருக்குமில்லீங்க?"

"இருக்கும். கேன் கேனா இருக்கும்."

"அப்ப ஆன்றோவும் இங்க வந்தப்ப, இதே மாதிரி..."

அவன் முட்டிக்குக் கட்டு மாற்ற வேண்டும் என்று எழுந்துவிட்டேன்.

மதியம்.

பங்கு போட்டது தீர்ந்துவிட்டது. நீல மூடி பாட்டில் பையில்தான் இருக்கிறது. பூபதி அதைக் கேட்கவில்லை. அந்தப் பக்கம்கூடப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. நாக்கு மரத்துண்டு மாதிரி கிடக்கிறது.

ஆட்டிடையன் குடிசை இங்கே எங்கும் இல்லை. ஆட்டுப் புழுக்கைகூட இரண்டாம் தலையோடு நின்றுவிட்டது. நேற்றே கவனித்தேன்.

பிறகு.

பூபதிக்கு வியர்வை நின்றுவிட்டது. புறங்கைத் தோலைக் கிள்ளினால் கிள்ளினபடியே நிற்கிறது. ஊரில் யாருடைய கன்றுக்குட்டியோ கிணற்றில் விழுந்துவிட்டது, கயிறு கொண்டு வாங்க, கயிறு கொண்டு வாங்க என்கிறான். நான் நர்ஸ், வார்டில் இப்படி ஒருவன் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். கை பைக்குப் போகமாட்டேன் என்கிறது. இது எப்படிப்பட்ட கை? ஒருத்தன் கண்முன்னே காய்ந்துகொண்டிருக்கிறான், நான் பையில் பாட்டிலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

பிறகு.

மூடியைத் திறந்து ஓஆர்எஸ் கலக்கினேன். அவன் தலையை மடியில் வைத்து வாயில் ஊற்றினேன். வாய் நனைந்ததும் கொஞ்சம் தெளிந்தான். பாட்டிலைப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டான்.

"வேண்டாங்க்கா. அது அவனோடதுங்க."

அவன் காதில் ஒரு பதில் சொன்னேன். அதைக் கேட்ட பிறகு குடித்தான். நானும் இரண்டு மடக்குக் குடித்தேன்.

ஏப்ரல் 19, ஞாயிறு

விடியும்போது காற்று நின்றிருந்தது. துடைத்து வைத்தது மாதிரி இரட்டைக்கொம்பு எதிரே நின்றது.

பூபதியை நிழலில் உட்கார்த்திவிட்டு நான் மட்டும் நடந்தேன். கொம்புகளுக்கு இடையில் ஒரு விரல் அகலம். அரை விரல். ஒன்றானது. அந்தக் கோட்டை விடாமல் கிழக்கே நடந்தேன், வடக்கே மினார் நகர்ந்து நகர்ந்து வந்து குன்றின் ஓரத்தைத் தொட்டது. நின்றேன். என் காலடியில் ஒரு பாறைப் பிளவு, அதன் வாயில் கற்கள் அடுக்கியிருந்தது. எடுத்துப் போட்டேன். உள்ளே நான்கு கேன்.

நான்கும் திறக்கப்படவில்லை.

நான்கும் முழுசாக இருந்தன. மூடியின் சீல்கூட உடையவில்லை. எவ்வளவு நேரம் அங்கே முழங்காலிட்டு இருந்தேன் என்று தெரியவில்லை. எழுந்து திரும்பியபோது, மேற்கே ஒரு கூரை மாதிரி நீட்டிக்கொண்டிருந்த பாறையும், அதன் அடியில் குச்சியில் கட்டிய சிவப்புத் துண்டும் தெரிந்தன. சத்தமாகக் கூப்பிட்டால் கேட்கிற தூரம். அந்தத் துண்டு நான் வாங்கிக் கொடுத்தது.

அவன் அலையவில்லை. சாய்ந்து உட்கார்ந்தபடியே இருந்தான். ஷூவைக் கழற்றி ஜோடியாக வைத்து, சாக்ஸை உள்ளே சுருட்டி வைத்திருந்தான், வள்ளத்தில் ஏறும் முன் கரையில் விட்டுப் போவது மாதிரி. சுற்றிலும் கற்களால் செய்த சின்னச் சின்ன வள்ளங்கள். எல்லா அணியமும் கிழக்கே, இரட்டைக்கொம்பு இருக்கும் பக்கம் திரும்பியிருந்தன. தெளிந்ததும் எழுந்து போக ஆயத்தமாக இருந்திருக்கிறான். அந்த வாரம் நான்கு நாள் தெளியவில்லை.

நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அங்கேயிருந்து இரண்டு கொம்புக்கும் நடுவே ஒரு விரல் அகலம் வானம்.

வேறு என்ன பார்த்தேன் என்பதை எழுதமாட்டேன். இருபது வருஷம் நர்ஸாக இருந்தவள், எதையெல்லாமோ கழுவித் துடைத்திருக்கிறேன். ஆனால் அவன் என் தம்பி. கைலியை எடுத்துப் போர்த்திவிட்டேன். கேனில் ஒன்றைத் திறந்து பூபதிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வெந்நீராக இருந்தது.

பூபதி தவழ்ந்தே வந்தான். போர்த்தியிருந்தவன் முன்னால் முட்டுக்கால் போட முடியாமல் ஒரு காலை நீட்டி உட்கார்ந்தான்.

"பந்தயத்துல நீதான்டா கெலிச்ச" என்றான். அதற்கப்புறம் அவன் அழுத அழுகையை என்னால் நிறுத்த முடியவில்லை.

ஏப்ரல் 20, திங்கள்

நேற்று மதியம் கடந்ததும் டிரைவர் போலீஸுக்குச் சொல்லியிருக்கிறார். சாயங்காலமே ஹெலிகாப்டர் வந்துவிட்டது. பூபதிக்கு முட்டியில் தையல். எனக்கு ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 21, செவ்வாய்

காகிதங்கள். தூதரகம், மருத்துவமனை, மறுபடி தூதரகம். நடுவில் துவைக்கப் போட்டேன். பையில் நீல மூடி மட்டும் கிடந்தது.

அப்பாவுக்குக் கிடைத்துவிட்டான் என்ற செய்தியை மட்டும் பங்குச்சாமியார் மூலம் சொல்லியிருக்கிறோம். நாளை நான் பேச வேண்டும்.

ஏப்ரல் 22, புதன்

பேசினேன்.

அப்பா அழவில்லை. எங்கள் ஊரில் உடல் கிடைப்பதே ஒரு கொடுப்பினை. புயலில் போனவர்களின் வீட்டார் இன்னும் கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவத்தியைக் கையில் வைத்துக்கொண்டு எந்தக் குழியில் ஏற்றுவது என்று தெரியாமல் கடற்கரையில் நிற்கிறார்கள். அதனால் முதலில் ஆண்டவருக்கு நன்றி சொன்னார். பிறகு கேட்டார்.

"கணியத்துலதான் கெடந்தானா?"

"பக்கத்துலப்பா."

"வெள்ளம்?"

"எடுக்கல. தூசி மறைச்சிட்டு."

அடுத்து என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். மலையிலிருந்து இறங்கின நேரத்திலிருந்து அந்த ஒரு கேள்விக்குத்தான் பயந்துகொண்டிருந்தேன்.

"மக்ளே, குறி மறைஞ்சப்பம் அவன் அலைஞ்சானா? இருந்தானா?"

ஷூவும் சாக்ஸும் கண்முன் வந்தன. வரிசையாக அந்த வள்ளங்கள் வந்தன.

"அலைஞ்சிருக்கான்ப்பா."

"நெசமாட்டா?"

"ஆமாப்பா. அங்கயும் இங்கயும் அலைஞ்சிருக்கான். ஒரு எடத்துல இருக்கல."

அப்போதுதான் அப்பா உடைந்தார். "படிச்சுப் படிச்சுச் சொன்னேனே மக்ளே! அலையாத, இரி, தெளியும்னு சொன்னேனே! கேக்கலியே! பாவிப்பய கேக்கலியே!" என்று தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. அடிக்கட்டும். தான் சொன்னது தன் பிள்ளையைக் கொன்றது என்று தெரிந்தால் இப்படி அடித்துக்கொள்ளமாட்டார். சத்தமில்லாமல் எழுந்து கடலுக்குள் நடப்பார். எனக்கு அவரைத் தெரியும்.

பூபதியிடமும் சொல்லிவிட்டேன். யார் கேட்டாலும் அலைந்துதான் செத்தான். "சரிங்க்கா" என்றான். ஏன் என்று கேட்கவில்லை.

மே 3, ஞாயிறு

ஊரில். அடக்கம் முடிந்து ஐந்தாம் நாள்.

அப்பா நேற்றிலிருந்து கஞ்சி குடிக்கிறார். இன்று காலை வள்ளத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். துக்கம் கேட்க வருகிறவர்களிடமெல்லாம் ஒரே பேச்சுதான். "நான் சொன்ன பேச்சக் கேட்டிருந்தா எனக்க பிள்ள இன்னைக்கு இருந்திருக்கும். சொன்னாக் கேக்கமாட்டான், பிஞ்சுலயே அப்பிடித்தான்." வருகிறவர்களும் தலையை ஆட்டிவிட்டு, தங்கள் பிள்ளைகளை ஒரு பார்வை பார்த்துக்கொள்கிறார்கள். ஒருத்தி என் முகத்துக்கு நேரே "அடங்காத பய" என்றாள். நானும் தலையை ஆட்டினேன்.

அடுப்படியில் போய் எல்லோருக்கும் தேயிலை போடுகிறேன். சொல்லிக்கொள்ளட்டும், அப்பா இருந்தால் போதும். ஆன்றோ கோபித்துக்கொள்ளமாட்டான். அப்பா சொன்ன பேச்சைத் தட்டாத பிள்ளை அவன்.